புகையோடு போகவிருந்த சூடு: போர்ஷே 911 கரேரா ஜிடிஎஸ் ஹைப்ரிட், ஒரு நாள் ஓட்டம்

வெளியேறும் புகையின் விசையில் சுழன்று, இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளும் கருவிதான் டர்போ. அது வைத்த வண்டி எதில் ஏறினாலும் முதலில் ஒரு சோதனை செய்துவிடுவேன். உயர்ந்த கியரில், இன்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்றில் மெல்ல ஓடிக்கொண்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரை நன்றாக அழுத்தி, வண்டி பாயும் வரை மனத்துக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணுவேன். நாமக்கல்லில் லாரி டர்போக்களைப் பிரித்து, கரி சுரண்டி, தண்டின் ஆட்டத்தை விரலால் பார்த்துப் பழகிய காலத்திலிருந்து வந்த பழக்கம் இது. சென்ற மாதம் ஸ்டுட்கார்ட்டில் போர்ஷே 911 கரேரா ஜிடிஎஸ் ஹைப்ரிடை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, பாட் ஊராக்கிலிருந்து மலையேறும் சாலையில் கியரைக் கையால் நிறுத்திவைத்து அதையே செய்தேன். ஒன்று என்று எண்ணி முடிப்பதற்குள் முதுகு இருக்கையோடு ஒட்டிவிட்டது.

டர்போவின் பழைய சங்கடம் எல்லோரும் அறிந்ததுதான். புகை சுழற்றும் சக்கரமான டர்பைனைப் பெரிதாக வைத்தால் சுழன்றெழ நேரமாகும். சிறியது சட்டென்று எழும், ஆனால் வேகம் கூடக்கூட மூச்சு முட்டும். மிஞ்சும் புகையை வேஸ்ட்கேட் என்ற சிறு கதவு திறந்து, டர்பைனைத் தொடாமலே வெளியே அனுப்பிவிடும். நாம் காசு கொடுத்து வாங்கிய எரிபொருளின் சூடுதான் அந்தக் கதவு வழியாகப் போகிறது. எத்தனையோ வேஸ்ட்கேட்களைச் சரிசெய்து கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் இந்த நினைப்பு உறுத்தும்.

இந்தக் காரில் வேஸ்ட்கேட்டே கிடையாது. டர்பைனுக்கும், காற்றை அழுத்தும் சக்கரமான கம்ப்ரசருக்கும் நடுவே, அதே தண்டில், ஒரு மின் மோட்டார் இருக்கிறது. கால் வைத்ததும் புகை வந்து சேரும் வரை காத்திராமல் மோட்டாரே தண்டைச் சுழற்றிவிடுகிறது. அழுத்தம் தேவைக்கு மேல் ஏறப் பார்த்தால் அதே மோட்டார் ஜெனரேட்டராகி டர்பைனை இழுத்துப் பிடிக்கிறது. அப்படிப் பிடிப்பதிலேயே 11 கிலோவாட் வரை மின்சாரம் கிடைக்கிறது. அது 1.9 கிலோவாட் மணி பேட்டரிக்கோ, கியர்பெட்டிக்குள் இருக்கும் 40 கிலோவாட் மோட்டாருக்கோ போய்ச் சேருகிறது. முந்தைய ஜிடிஎஸ்ஸில் இரண்டு டர்போக்கள். இதில் ஒன்றே போதுமானதாகிவிட்டது. 3.6 லிட்டர் இன்ஜினும் மோட்டாரும் சேர்ந்து ஜெர்மன் கணக்கில் 541 குதிரைத்திறன் தருகின்றன. என்னைக் கவர்ந்தது அந்த எண் அல்ல. கொண்டை ஊசி வளைவை விட்டு வெளியே வரும்போது, கால் நினைத்த அளவுக்கு, நினைத்த கணத்தில் இன்ஜின் இழுத்ததே, அதற்காகத்தான் இந்தக் காரை மெச்சுகிறேன்.

இந்த வித்தை பந்தயக் களத்தில் தேறி வந்தது. 2015, 2016, 2017 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற போர்ஷே 919 ஹைப்ரிடில், புகைப் பாதையில் ஜெனரேட்டருக்கென்றே தனியாக ஒரு டர்பைன் இருந்தது. பிரேக் பிடிக்கும்போது மின்சாரம் சேர்த்த கார்கள் வேறும் இருந்தன. வேகமெடுக்கும்போதும் சேர்த்த கார் அது. ஃபார்முலா 1-இல் 2014 முதல் டர்போ தண்டிலேயே இணைத்த மோட்டாரை நிமிடத்துக்கு 1,25,000 சுற்று வரை ஓடவிட்டார்கள். மெர்சிடிஸ் 2017-இல் தன் பந்தய இன்ஜின் சோதனை மேடையில் 50 சதவீத வெப்பத் திறனைத் தாண்டிவிட்டதாக அறிவித்தது. எரிபொருளில் பாதிக்கு மேல் உழைப்பாக மாறியது என்றால், பட்டறையில் வேலை பார்த்தவனுக்கு உடல் சிலிர்க்கும். 2026 விதிகளில் அந்த மோட்டாரை எடுத்துவிட்டார்கள். செலவு அதிகம், சிக்கல் அதிகம், சாலைக் கார்களுக்கு ஒத்துவராது என்று காரணம் சொன்னார்கள். முதல் இரண்டை ஒப்புக்கொள்கிறேன். மூன்றாவதை, இந்த 911-ஐ ஓட்டிய பிறகு, ஒப்புக்கொள்ள முடியவில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். இதை ஹைப்ரிட் என்று நம்பி, ஓசையில்லாமல் மின்சாரத்தில் மட்டும் ஊருக்குள் போகலாம் என்று நினைப்பவர்கள் ஏமாந்துபோவார்கள்; அதற்கு வழியே இல்லை, பிளக்கும் இல்லை. முந்தைய ஜிடிஎஸ்ஸைவிட எடை 50 கிலோ கூடியிருக்கிறது. இன்ஜின் சுழலும் வேகத்தைக் காட்டும் சுற்றுக்காட்டி முழுக்கத் திரைக்குள் போய்விட்டது. நிஜமான முள் வேண்டும் என்று நான் இன்னும் நினைக்கிறேன். சாவியைத் திருகும் பாவனையும் போய், பொத்தான் வந்துவிட்டது. அறிமுகமானபோது ஜெர்மனியில் விலை 1,70,600 யூரோவில் தொடங்கியது. நகரத்துக்குள் மட்டும் ஓட்டுவதற்கு இவ்வளவு கொடுக்கத் தேவையில்லை, சாதாரண கரேராவே போதும். மலைச் சாலையும், டர்போவை நேசிக்கும் மனமும், கையில் பணமும் இருப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம்.

மேட்டின் உச்சியில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு, பின்பக்கம் போய் இரட்டைப் புகைக்குழாய்களுக்கு ஒரு சாண் தள்ளி உள்ளங்கையைக் காட்டினேன். சில நொடிகளுக்கு மேல் வைத்திருக்க முடியவில்லை. உள்ளே உலோகம் சுருங்கும் டிக் டிக் ஓசை கேட்டுக்கொண்டே இருந்தது. மோட்டார் பிடித்துவைத்தது போக, இன்னும் இவ்வளவு சூடு மிச்சம் இருக்கிறது.