மூன்று சுழி ‘ண’ தெரிகிறதா?

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு இங்கிலாந்தின் லெஸ்டரிலிருந்து ஊருக்கு வந்தபோது அப்பாவுக்காக ஒரு 7 அங்குல டேப்லெட் வாங்கி வந்திருந்தேன். தள்ளுபடி விலை என்பதால் வாங்கியது. இந்த முறை வந்ததும் அதைத் தேடினேன். பீரோவின் மேல், போன வருடப் பஞ்சாங்கத்துக்கு அடியில் கிடந்தது. எடுத்துப் பார்த்தால் முதுகு பூரி போல உப்பியிருந்தது.

“அது ஆறு மாதமாக அப்படித்தான் இருக்கிறது. நீ வருத்தப்படுவாய் என்று சொல்லவில்லை” என்றார் அம்மா.

காரணம் பெரிய ரகசியம் இல்லை. ஜன்னலோரம், வெயில் படும் இடத்தில், இரவும் பகலும் சார்ஜரில் செருகியபடியே வைத்திருந்திருக்கிறார்கள். லித்தியம் பேட்டரி எப்போதும் முழு சார்ஜில் இருந்து, அதன் மேல் சூடும் சேர்ந்தால் உள்ளே வாயு உண்டாகி உப்பிவிடும். தருமபுரி நான்கு ரோடு பக்கத்தில் ஒரு மொபைல் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்தேன். பேட்டரியைப் பக்குவமாகக் கழற்றித் தனியே எடுத்து வைத்துக்கொண்டார். கூலி வாங்கவில்லை. “இந்த மாடல் இங்கே விற்பனைக்கே வந்ததில்லை. பேட்டரிக்கு நான் எங்கே போவேன்?” என்று மட்டும் கேட்டார். வெளிநாட்டிலிருந்து பொருள் வாங்கிவருகிற நம் பெருமைக்கு அதுவே போதுமான பதில். இந்த முறை என்ன வாங்கினாலும் தருமபுரியில்தான், பில்லோடுதான் என்று அன்றே முடிவு செய்தேன்.

பயணத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு விமான நிலையம் என்றால் பெங்களூருதான். சென்னை வழியாக வருவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை. நிலையம் நகரத்தின் வடக்குக் கோடியில் இருக்கிறது, நம் சாலை தெற்கே. ஊரைக் குறுக்கே கடந்து ஓசூரைப் பிடிப்பதற்குள் விமானத்தில் தூங்கிய தூக்கம் கலைந்துவிடுகிறது. கிருஷ்ணகிரி தாண்டும்போது சாலையோரம் மாம்பழக் குவியல்கள். பஸ்ஸுக்குள் வாசனை வந்ததும் ஊர் வந்துவிட்ட மாதிரிதான்.

சிம் கார்டு விஷயம் ஒரு மணி நேரத்தில் முடிந்தது. ஆதார், கைரேகை, புது எண். ரீசார்ஜ் செய்யாமல் விட்டதால் பழைய எண் கைவிட்டுப் போயிருந்தது. அது எவ்வளவு பெரிய தொல்லை என்பது கடையில் பணம் கட்டும்போதுதான் தெரிந்தது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

டேப்லெட் யாருக்கு என்று கேட்டால் வீட்டில் மூன்று பதில்கள். அப்பா ஓய்வு பெற்ற தமிழாசிரியர். வயது 74, ஒரு கண்ணில் புரை அறுவை சிகிச்சை முடிந்திருக்கிறது. பழைய உரை நூல்களைப் படிக்க வேண்டும். அம்மாவுக்குச் சமையலறையில் பாட்டு வேண்டும், நாகஸ்வரம் என்றால் இன்னும் நல்லது. அண்ணன் மகள் எட்டாம் வகுப்பு. அவளுக்குப் பாடநூலின் க்யூஆர் குறிகளைத் திறந்து பார்க்க ஏதாவது ஒரு திரை வேண்டும். மூன்று பேருக்கும் ஒன்று, கையில் பிடிக்கச் சிறியதாக.

வரும் முன்பே ஒரு மெமரி கார்டில் ஐந்து கோப்புகளைப் போட்டு எடுத்து வந்திருந்தேன். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலிருந்து ஸ்கேன் செய்த பழைய உரை நூல் ஒன்று. தன்னார்வலர்கள் தமிழ் நூல்களை மின்வடிவாக்கித் தரும், 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் நூல் ஒன்று. இது படமாக இல்லாமல் எழுத்தாகவே இருப்பது. பிறகு ஒரு இலவச நாவல், எட்டாம் வகுப்பு அறிவியல் பாடநூலின் பிடிஎஃப், முக்கால் மணி நேர நாகஸ்வரக் கச்சேரி. கடையில் பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதைப் படித்து வாங்குகிறவர்களுக்கு இதைத்தான் பரிந்துரைப்பேன்: நீங்கள் படிக்கப்போகும் பக்கத்தை நீங்களே கொண்டுபோய்த் திறந்து பாருங்கள்.

சொல்வது எளிது. அப்பாவும் நானும் பாலக்கோட்டிலிருந்து டவுன் பஸ் பிடித்து வந்து நுழைந்த முதல் கடையில், காட்சிக்கு வைத்திருந்த டேப்லெட்டில் சார்ஜே இல்லை. பெட்டியைத் திறக்கச் சொன்னால், “திறந்தால் வாங்கியே ஆக வேண்டும்” என்றார் அங்கிருந்த பையன். இரண்டாவது, குளிர்சாதனம் போட்ட பெரிய கடை. அங்கே எல்லாமே ஒளிர்ந்துகொண்டிருந்தன; ஆனால் ஒவ்வொரு திரையிலும் கம்பெனி விளம்பரம் திரும்பத் திரும்ப ஓடியது. மெமரி கார்டைச் செருக அனுமதி இல்லை. விற்பனையாளர் பாவம், நல்ல மனிதர்தான். எந்த விளையாட்டு எந்த வேகத்தில் ஓடும் என்று கால் மணி நேரம் விளக்கினார். அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இதில் மூன்று சுழி ண தெரியுமா?” என்றார். அவரிடம் பதில் இல்லை.

கேள்வி வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் தமிழ் படிக்க டேப்லெட் தேடுகிறவருக்கு அதைவிட முக்கியமான கேள்வி கிடையாது. 10,000 முதல் 13,000 ரூபாய்க்குள் அறிமுகமான சிறிய டேப்லெட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். சாம்சங் கேலக்ஸி டேப் ஏ9, ரெட்மி பேட் எஸ்இ 8.7, இரண்டும் 8.7 அங்குலம், லெனோவோ டேப் எம்9 ஒன்பது அங்குலம். மூன்றுக்கும் திரையின் புள்ளிக் (பிக்சல்) கணக்கு ஒன்றே: 1340 பெருக்கல் 800. 8.7 அங்குலத்தில் அது அங்குலத்துக்குச் சுமார் 180 புள்ளி. புத்தகத்தில் 10 பாயின்ட் அளவில் அச்சான எழுத்து இந்தத் திரையில் 25 புள்ளி உயரத்துக்குள் அடங்க வேண்டும். ஆங்கில எழுத்துக்கு அது தாராளம். ணகரத்தின் மூன்று சுழிகள் அதற்குள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும். ஸ்கேன் செய்த பக்கத்தில் மை பரவியிருந்தால் ண, ன ஆகிவிடும். நூலின் அடிக்குறிப்பு எழுத்து இன்னும் சிறியது. அதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

என்னுடைய ஐபேட் மினியை அப்பாவிடம் முதல் நாளே கொடுத்துப் பார்த்தேன். 8.3 அங்குலம், அங்குலத்துக்கு 326 புள்ளி, எடை 300 கிராமுக்கும் குறைவு. எழுத்து கல்வெட்டு மாதிரி நின்றது. விலை கேட்டார். 2024 மாடல் இந்தியாவில் 49,900 ரூபாய்க்கு அறிமுகமானது என்றேன். “இதை வைத்துக்கொண்டு தோட்டத்தில் எப்படிக் கண்ணயர்வது?” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அதில் ஹெட்போன் துளையும் இல்லை, மெமரி கார்டு போடும் இடமும் இல்லை; அம்மாவின் பக்கத்திலிருந்தும் ஓட்டு விழவில்லை.

அமேசானின் மின்னூல் கருவியான கிண்டில் பற்றி நானே நிறைய யோசித்தேன். படிப்பதற்கு மட்டும் என்றால் யோசிக்காமல் அதைத்தான் வாங்கியிருப்பேன். மின்மைத் (இ-இங்க்) திரை, வெயிலில் காகிதம் போலத் தெரியும். பக்கத்தைத் திருப்பும்போது மட்டும்தான் திரைக்கு மின்சாரம் வேண்டும். 2016-லிருந்து தமிழ் நூல்களும் அதில் கிடைக்கின்றன. ஆனால் அப்பா படிப்பது விலைக்கு வாங்கும் மின்னூல் அல்ல, ஸ்கேன் பிடிஎஃப். 7 அங்குலக் கிண்டிலின் திரை உயரம் சுமார் 14 சென்டிமீட்டர். டெமி என்கிற அச்சளவில் வந்த பழைய நூலின் ஒரு பக்கத்தை அதில் அடக்கினால் எழுத்து கடுகாகிவிடும். பெரிதாக்கி நகர்த்தலாம் என்றால் திரை ஒவ்வொரு முறையும் யோசித்து யோசித்து மாறுகிறது. பாட்டு? அதில் ஸ்பீக்கரே இல்லை என்று சொன்னதும் அம்மா, “அப்புறம் அது எதற்கு?” என்று ஒரே வார்த்தையில் பைசல் செய்துவிட்டார்.

மூன்றாவது கடை நேதாஜி பைபாஸ் சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு தெருவில் இருந்தது. பத்துக்குப் பத்து அறை. பாதி இடத்தில் கண்ணாடி ஒட்டுகிற வேலை நடந்துகொண்டிருந்தது. உரிமையாளருக்கு முப்பது வயது இருக்கும். நாங்கள் விஷயத்தைச் சொன்னதும் பெட்டி எதையும் எடுக்கவில்லை. தான் கணக்கு எழுத வைத்திருந்த கேலக்ஸி டேப் ஏ9-ஐ லுங்கித் துணியால் துடைத்து, “கார்டைக் கொடுங்கள் ஐயா” என்றார். ஊசியால் தட்டைத் தள்ளி எடுத்து, கார்டை வைத்து, உரை நூலைத் திறந்து அப்பாவிடம் நீட்டினார்.

ஔவை நெல்லிக்கனிக்காக அதியமானை வாழ்த்திய பாட்டு வரும் பக்கத்துக்கு அப்பா போனார். தருமபுரியின் பழைய பெயர் தகடூர், அதியமானின் ஊர்; தகடூர்க்காரர்கள் புத்தகம் எதைத் திறந்தாலும் முதலில் அங்கேதான் போவோம். பாட்டு தெரிந்தது. கீழே உரை மங்கலாக இருந்தது. அடிக்குறிப்பு வெறும் எறும்பு வரிசை. அப்பா கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், கையை நீட்டினார், மடக்கினார். எனக்கு மனம் விட்டுப்போனது.

அந்த இளைஞர் டேப்லெட்டை வாங்கி, குறுக்காகத் திருப்பினார். பக்கத்தின் நான்கு ஓரத்து வெள்ளையையும் விரலால் வெளியே தள்ளி, எழுத்துப் பகுதி மட்டும் திரையின் அகலத்தை நிரப்பும்படி செய்தார். அவ்வளவுதான். நிமிர்த்திப் பிடித்தால் 11 சென்டிமீட்டராக இருக்கிற அகலம், குறுக்கே 19 சென்டிமீட்டர் ஆகிறது. ஓர் எழுத்துக்கு 25 புள்ளி என்பது 40-ஐத் தாண்டுகிறது. ஒரு நேரத்தில் அரைப் பக்கம்தான் தெரியும், மீதியை விரலால் மேலே தள்ள வேண்டும். அப்பா அடிக்குறிப்பின் மேல் சுட்டுவிரலை வைத்து, சத்தமில்லாமல் உதடு அசைய ஒரு வரி படித்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, “மூன்று சுழியும் இருக்கிறது” என்றார்.

புள்ளிக் கணக்கெல்லாம் போட்டு வைத்திருந்த எனக்கு இது ஏன் தோன்றவில்லை என்று இன்னும் வெட்கமாக இருக்கிறது.

பிறகு நடந்தது எல்லாம் வேகமாகத்தான். ரெட்மியில் பேட்டரி பெரிது, 6650 எம்ஏஎச். டேப் ஏ9-இல் 5100. ஆனால் ஏ9 எடையில் கொஞ்சம் குறைவு; படுத்துக்கொண்டு நெஞ்சின் மேல் பிடிக்கிறவருக்கு அந்தக் கொஞ்சம் முக்கியம். இரண்டிலும் ஹெட்போன் துளை இருக்கிறது, மெமரி கார்டும் போடலாம். சிம் போடும் மாடல் வேண்டாம் என்று விட்டோம். வீட்டில் கேபிள்காரர் கொடுத்த இணையம் இருக்கிறது. தோட்டத்துக்குக் கொண்டுபோவது ஏற்கெனவே இறக்கி வைத்த நூல்தான், அதற்கு இணையம் எதற்கு? 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பிடம் உள்ள வைஃபை மாடல். 2023-இல் 12,999 ரூபாய்க்கு அறிமுகமானது, எங்களுக்கு 11,500-க்குக் கொடுத்தார். நாகஸ்வரத்தை அரை நிமிடம் ஓட விட்டோம். தெருவில் போன ஒருவர் எட்டிப் பார்த்து, யாருக்குக் கல்யாணம் என்று கேட்டார்.

இப்போது அந்த எண் விஷயம். வங்கிக் கணக்கில் பதிவான எண்ணிலிருந்தால்தான் யுபிஐ வேலை செய்யும். 2023 முதல் வெளிநாடுவாழ் இந்தியர்களின் என்ஆர்இ கணக்குக்கு பிரிட்டன் எண்ணைக்கூட வைத்துக்கொள்ளலாம். ஆனால் என் கணக்கில் இருப்பது செத்துப்போன அந்தப் பழைய எண். மாற்றுவதற்கு நான் கணக்கு வைத்திருக்கும் வங்கிக் கிளைக்கு இரண்டு முறை போனேன். முதல் முறை படிவம் தீர்ந்துவிட்டது. இரண்டாம் முறை, படிவம் இருந்தது, அதில் கையெழுத்துப் போட வேண்டியவர் விடுப்பில் இருந்தார். ஆகவே கடையில் இங்கிலாந்து அட்டையை நீட்டினேன். கருவி மூன்று முறை முணுமுணுத்துவிட்டு மறுத்தது. பின்னால் நின்றிருந்த அப்பா சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, மேசையில் ஒட்டியிருந்த குறியை ஸ்கேன் செய்து, ரகசிய எண்ணை அழுத்தினார். “பணம் வந்துவிட்டது” என்று கடையின் ஒலிப்பெட்டி பேசியது. மகன் வாங்கித் தந்த பரிசு என்று இன்றுவரை ஊரில் சொல்லிக்கொண்டிருக்கிறார். திருத்த எனக்கும் மனமில்லை.

மூன்று வாரம் வீட்டில் இருந்து பார்த்ததில் சில. வெயிலில் இந்தத் திரை உதவாது. மாமரத்து நிழல் தாண்டினால் உங்கள் முகம்தான் தெரியும். எழுத்தாக உள்ள நூல்களைக் கூகுளின் தமிழ்க் குரல் வாசிக்கும், ஸ்கேன் படங்களை வாசிக்காது. அம்மா கத்தரிக்காய் நறுக்கும்போது நாவலைப் போட்டுக் காட்டினேன். “வங்கியில் டோக்கன் எண் கூப்பிடுகிற பெண் கதை சொல்கிற மாதிரி இருக்கிறது” என்று நிறுத்தச் சொல்லிவிட்டார். அப்பா திரையில் விரலால் எழுதித் தேடக் கற்றுக்கொண்டார். தட்டச்சுப் பலகையைத் தொடுவதில்லை. கரும்பலகையில் எழுதிய அதே உருண்டைக் கையெழுத்து, அதை அது பிழையில்லாமல் புரிந்துகொள்கிறது. அண்ணன் மகளுக்குத்தான் ஏமாற்றம். பாடநூலின் பெரிய பக்கம் இதில் சுருங்கிப்போகிறது. குறிகளைத் திறக்க மட்டும் எடுக்கிறாள். படிக்கப் பள்ளியில் கொடுத்த புத்தகம்தான்.

சார்ஜரை 80-க்கு மேல் போனதும் பிடுங்கிவிட வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அப்பா நாட்காட்டித் தாளின் பின்பக்கம் ஒரு கால அட்டவணையே எழுதி ஒட்டிவிட்டார்: காலை நான்கு முதல் ஏழு வரை அவருக்கு, ஏழிலிருந்து பத்து வரை சமையலறைக்கு, மாலை பேத்திக்கு, இரவு எட்டு மணிக்கு சார்ஜ். திரைக்கு ஒட்ட வேண்டிய கண்ணாடி மட்டும் இன்னும் பெங்களூரிலிருந்து வரவில்லை. வந்ததும் கூப்பிடுகிறேன் என்று அந்த இளைஞர் அண்ணனின் எண்ணை வாங்கி வைத்திருக்கிறார்.