ஆல்பனி பைன் புஷ்ஷில் டப்பா வேட்டை: ஐந்துக்கு நாலு மார்க்

நியூயார்க் மாநிலத்தின் தலைநகரான ஆல்பனிக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது நயாகரா எவ்வளவு தூரம் என்றுதான். ஊரை ஒட்டியே, நெடுஞ்சாலைக்கும் ஷாப்பிங் மாலுக்கும் நடுவில், 3,000 ஏக்கருக்கு மேல் ஒரு பைன் காடு கிடப்பதை யாரும் சொல்வதில்லை. ஜியோகேச்சிங் பைத்தியம் பிடித்திருக்காவிட்டால் நாங்களும் போயிருக்க மாட்டோம்.

தெரியாதவர்களுக்கு: யாரோ ஒரு டப்பாவை ஒளித்துவைத்து அட்சரேகை, தீர்க்கரேகையைப் போட்டுவிடுவார்கள், நாம் போனை வைத்துத் தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் தாளில் பெயர் எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும், அவ்வளவுதான். 2000 மே மாதத் தொடக்கத்தில் ஜி.பி.எஸ். சிக்னலில் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை அமெரிக்க அரசு நிறுத்திய கையோடு, ஓரெகானில் ஒருவர் ஒரு பிளாஸ்டிக் வாளியை ஒளித்துவைத்து ஆரம்பித்த விளையாட்டு இது.

பைன் புஷ்ஷில் கால் வைத்ததுமே சந்தேகம் வரும், கடற்கரைக்கு வந்துவிட்டோமா என்று. காலுக்குக் கீழே மணல். பனியுகத்து ஏரி ஒன்று வடிந்தபோது விட்டுப்போன மணலைக் காற்று மேடு மேடாகக் குவித்திருக்கிறது. மரங்களும் கிறிஸ்துமஸ் அட்டையில் வரும் பைன் மாதிரி இல்லை. கோணல்மாணலாக, கருகிய பட்டையோடு, அடிமரத்திலிருந்தே கொத்துக் கொத்தாகப் பச்சை ஊசிகள் கிளம்பி நிற்கின்றன. “இது செத்த மரமாப்பா?” என்றாள் மகள். இல்லை, பிட்ச் பைன். கிளைகள் எரிந்துபோனாலும் தடித்த பட்டைக்கு அடியில் உறங்கும் மொட்டுகள் துளிர்த்துவிடும்.

இந்தக் காட்டுக்குத் தீ வேண்டும். தீ வராமலே இருந்தால் வேறு மரங்கள் நெருக்கி வளர்ந்து தரையில் வெயில் விழாது, வெயில் இல்லாவிட்டால் லூபின் செடி வளராது, லூபின் இல்லாவிட்டால் அதன் இலையை மட்டுமே தின்னும் கார்னர் ப்ளூ பட்டாம்பூச்சியின் புழுவுக்குச் சாப்பாடு கிடையாது. அதனால் பராமரிப்பவர்களே நாள் பார்த்து, பகுதி பகுதியாகத் தீ வைக்கிறார்கள். (அந்தப் பட்டாம்பூச்சியை 1944-ல் அறிவியல் உலகுக்கு விவரித்தவர் நாவலாசிரியர் நபோகோவ்!)

சரி, வேட்டைக்கு வருவோம். முதல் டப்பா பத்து நிமிடத்தில் கிடைத்தது. இரண்டாவதுதான் மானத்தை வாங்கியது. போன் நாலு மீட்டர் என்கிறது, இரண்டடி எடுத்து வைத்தால் ஒன்பது என்கிறது, எந்தக் கருகிய கட்டையைப் பார்த்தாலும் டப்பா மாதிரியே தெரிகிறது. நாற்பது நிமிடம் இப்படிப் போனது. நடுவில் நான் செய்த தப்பு, பாதையை விட்டு இடுப்பளவு ஸ்க்ரப் ஓக் புதருக்குள் இறங்கியது. டப்பா கிடைக்கவில்லை, சாக்ஸில் இரண்டு உண்ணிகள்தான் கிடைத்தன. உண்ணி கடித்தால் தொற்றும் லைம் நோய் பரவும் பகுதி என்பதால் வீட்டுக்கு வந்ததும் தலைமுதல் கால்வரை சோதனை. ஆனால் ஒன்று, அந்த நாற்பது நிமிடமும் குனிந்து குனிந்து பார்த்ததில்தான் எரிந்த புதரின் அடியில் அதே வேரிலிருந்து புதுத் தளிர் வருவதைப் பார்த்தேன். சும்மா நடக்க வந்திருந்தால் கண்ணில் பட்டிருக்காது. மூன்றாவது டப்பா மகளுக்கு மாட்டியது, உள்ளே இருந்த கோலியை எடுத்துக்கொண்டு அவள் சாவிக்கொத்தைப் போட்டுவிட்டு வந்தாள்.

பாதைகளில் நடக்கக் கட்டணம் இல்லை. நிழல் குறைவு, அதனால் கோடையில் மதியம் போகாதீர்கள்; நாங்கள் ஆகஸ்ட் கடைசியில் போய் மணலில் வறுபட்டோம், பட்டாம்பூச்சி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. நெடுஞ்சாலை இரைச்சல் பல இடங்களில் கூடவே வருகிறது, ஒரு மார்க் குறைத்தது அதற்காகத்தான்.

கிடைக்காத அந்த இரண்டாவதுக்காக அடுத்த மே கடைசியில் மறுபடி போகிறோம், லூபின் பூத்திருக்கும். இந்த முறை பேன்ட்டை சாக்ஸுக்குள் செருகிக்கொண்டு.