முறைப்பெண்ணும் பன்றிவாலும்: ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’ திரும்பத் திரும்பப் படிப்பவர்களுக்கு

கொலம்பிய எழுத்தாளர் மார்க்கேஸின் இந்த நாவல் ஸ்பானிய மொழியில் 1967-இல் வந்தது. தமிழில் சுகுமாரனும் ஞாலன் சுப்பிரமணியனும் மொழிபெயர்த்திருக்கிறார்கள். கடலூர், புதுச்சேரிப் பக்கம் இதைப் பாதியில் மூடிவைப்பவர்கள் சொல்லும் காரணம் மாயம் அல்ல, பெயர்கள்.

தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நமக்குப் புதிதில்லை. பேரன் என்ற சொல்லே பெயரன்தான். ஆனால் பெரியவர் பெயரைச் சொல்லிப் பிள்ளையை அதட்ட முடியாதே என்று ராசு, சின்னதம்பி என ஒரு கூப்பிடு பெயர் ஒட்டிக்கொள்ளும். நாவலின் குடும்பமான புயேந்தியா வீட்டில் அந்த வசதி கிடையாது. கர்னல் அவுரேலியானோவின் 17 பிள்ளைகளும் அவுரேலியானோக்கள்.

அதனால் வம்சக்கொடியை நாமே வரைந்துகொள்வது நல்லது. முழுக்கொடியை முதலிலேயே பார்த்தால் யார் யாரோடு சேர்கிறார்கள் என்பது அம்பலமாகிவிடும். ஒரு தாளை அட்டைக்குள் வைத்து, ஆள் வர வர எழுதுங்கள். பெயருக்குப் பக்கத்தில் அடையாளம்: ‘தங்க மீன்’, ‘மண் தின்பவள்’, ‘கையில் கறுப்புத் துணி’. பென்சில்தான் சரி. அர்க்காதியோ என்றால் முரடன், அவுரேலியானோ என்றால் ஒதுங்கி இருப்பவன் என்ற விதி இரட்டையரிடம் தலைகீழாகும். சிறுவயதில் விளையாட்டுக்குப் பெயரை மாற்றிக்கொண்டு அப்படியே மாறிப்போனார்களோ என்று வம்சத்தின் மூத்த தாயான உர்சுலாவுக்கே சந்தேகம். அத்தியாயங்களுக்கு எண்ணோ தலைப்போ கிடையாது. மொத்தம் 20. எண் போட்டுக்கொண்டு நாளுக்கு ஒன்று படித்தால் போதும். மூன்றைச் சேர்த்து விழுங்கினால் கொடி சிக்கிக்கொள்ளும்.

(முடிவு தெரியவேண்டாம் என்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம்.) கொடியில் உறவுமுறையைத் தமிழில் எழுதும்போதுதான் ஒன்று உறைக்கும். உர்சுலாவும் கணவனும் நெருங்கிய சொந்தம். பன்றிவாலோடு பிள்ளை பிறக்குமோ என்ற அவள் பயத்தில் தொடங்கும் வினைதான் அவர்களை ஊரைவிட்டுக் கிளப்பி, கதை நடக்கும் மகோந்தோ ஊரை உண்டாக்குகிறது. மாமன் மகளைச் சீர்வரிசையோடு கட்டும் ஊரில் இந்தப் பயம் முழுதாக ஏறுவதில்லை. தொடக்கம் நமக்குக் கொஞ்சம் சப்பென்று இருப்பது அதனால்தான். கடைசியில் கதை நேர்மாறு. பல தலைமுறை கழித்து வரும் இன்னொரு அவுரேலியானோ சேர்வது தன் தாயின் தங்கையோடு. அது அவனுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். ‘சித்தி’ என்று எழுதப் போன கை நின்றுவிடும்.

மாயம் நம்பும்படி இருப்பதற்குக் காரணம் எண்கள். பாதிரியார் சாக்லேட் குடித்துத் தரையிலிருந்து எழும்புகிறார்: 12 சென்டிமீட்டர். செத்தவனின் ரத்தம் தெருத்தெருவாக ஓடித் தாயின் சமையலறைக்கு வரும்போது அவள் உடைக்கப் போவது 36 முட்டை. மழை பெய்வது 4 ஆண்டு, 11 மாதம், 2 நாள். தானே புயலையும் 2015 வெள்ளத்தையும் பார்த்த கடலூர்க்காரருக்கு அந்த அத்தியாயம் மாயமாகவே படாது. மீன்கள் கதவு வழியே வந்து சன்னல் வழியே போனதாகப் பலர் சொல்வார்கள். அது நடக்கவில்லை, அப்படி நீந்திப் போகலாம் போல ஈரம் என்றுதான் இருக்கிறது.

உறுத்துவதும் எதையும் நிதானமாகச் சொல்லும் இதே குரல்தான். கர்னல் அவுரேலியானோ ரெமேதியோஸ்மீது ஆசைப்படும்போது அவளுக்கு வயது 9. படுக்கையை இன்னும் நனைக்கிற குழந்தை. பாதிரியார் எழும்புவதைச் சொன்ன அதே நிதானத்தில் இதையும் சொல்லிவிட்டுக் கதை கல்யாணத்துக்குப் போய்விடுகிறது. முதல் வாசிப்பில் வேகத்தில் தாண்டிவிடலாம். மறுவாசிப்பில் பக்கம் நகராது. ‘அந்தக் காலம் அப்படி’ என்று சமாதானம் சொல்லலாம்தான், ஆனால் ஆசிரியர் அவளுக்கென்று ஒரு மூச்சுக்கூட நிற்கவில்லை.

அந்தக் குரலே வேலைநிறுத்தக் கட்டத்தில் வேறு வேலை செய்கிறது. 1928-இல் கொலம்பியாவின் சியேனகாவில் வாழைத்தோட்டத் தொழிலாளர்கள்மீது ராணுவம் சுட்டது நடந்த சம்பவம். நாவலில் பிணங்கள் ஏற்றிய ரயிலிலிருந்து குதித்து, கொட்டும் மழையில் நடந்தே ஊர் திரும்புகிறான் இரட்டையரில் ஒருவனான ஹோசே அர்க்காதியோ செகுந்தோ. முதல் வீட்டில் ஒரு பெண் காயத்தைத் துடைத்துக் காப்பி கொடுக்கிறாள். செத்தவர்கள் மூவாயிரம் பேர் இருப்பார்கள் என்கிறான் அவன். இங்கே யாரும் சாகவில்லையே என்கிறாள், காப்பிக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்கிற மாதிரி.