4ஈ இப்போது யார் பிடியில்? கேப் பீட், கோ-ஐபி, பிஎல்ஏ: ஓர் ஒப்பீட்டு அலசல்

மனித செல்லில் ஒரு எம்ஆர்என்ஏவிலிருந்து புரதம் உருவாகத் தொடங்குமா என்பதைப் பெரும்பாலும் ஈஐஎஃப்4எஃப் என்ற கூட்டமைப்பு தீர்மானிக்கிறது. அதில் மூன்று உறுப்புகள். எம்ஆர்என்ஏவின் தலைமுனையிலுள்ள கேப் என்ற மூடியைப் பிடிப்பது 25 கிலோடால்டன் எடையுள்ள 4ஈ (முழுப்பெயர் ஈஐஎஃப்4ஈ; 4ஏ, 4ஜியும் இப்படியே). மடிப்புகளை அவிழ்ப்பது 46 கிலோடால்டன் ஹெலிகேஸான 4ஏ. இரண்டையும் தாங்கி, ஈஐஎஃப்3 வழியாக ரைபோசோமின் சிறு பகுதியான 40எஸ் துணையலகோடு கோப்பது 4ஜி. ஆனால் 4ஈயின் முதுகில் 4ஜி அமரும் அதே இடத்துக்கு 4ஈ-பிபி1 என்ற சிறு புரதமும் போட்டி போடுகிறது. எம்டார் என்ற கைனேஸின் (பாஸ்பேட் ஏற்றும் நொதி) கூட்டமைப்பான எம்டார்சி1 அதன்மேல் பாஸ்பேட்டுகளை ஏற்றினால் அது விலகும். ஏற்றாவிட்டால் இடத்தை விடாது.

எனவே எம்டார் தடுப்பான்களை ஆராய்பவருக்கு முதல் கேள்வி, 4ஈ யார் பிடியில் என்பதே. அதற்கு மூன்று முறைகள் புழக்கத்தில் உண்டு. ஒரே மாதிரியில் மூன்றும் மூன்று பதில் சொல்லலாம். காரணம், அவை அளப்பது ஒரே விஷயத்தை அல்ல.

கேப் பீட்

கேப்பைப் போன்ற எம்7ஜிடிபி ஒட்டிய அகரோஸ் மணிகளை (பீட்) லைசேட்டில், அதாவது செல்களை உடைத்தெடுத்த கரைசலில், போட்டு 4ஈயை இழுப்பது மலிவு, வேகம், தெளிவு. 500 மைக்ரோகிராம் புரதத்துக்கு 25 முதல் 30 மைக்ரோலிட்டர் பீட் குழம்பு போதும். 4 டிகிரியில் 1 முதல் 2 மணி நேரம் சுழற்றி, நான்கு முறை கழுவி, எஸ்டிஎஸ் (கடுமையான சோப்புப்பொருள்) பஃபரில் கொதிக்க வைத்தால் வேலை முடிந்தது. பஃபர் மிதமாக இருக்கட்டும்: 20 மில்லிமோலார் ஹெப்பீஸ், 100 முதல் 150 மில்லிமோலார் பொட்டாசியம் குளோரைடு, 0.5 சதவீத என்பி-40. ரிப்பா பஃபர் வேண்டாம். அதிலுள்ள எஸ்டிஎஸ் கூட்டமைப்பையே குலைத்துவிடும். 100 மைக்ரோமோலார் ஜிடிபி சேர்த்தால், கேப்பைத் தேடாமல் வெறும் ஜிடிபிக்காக ஒட்டும் புரதங்கள் குறையும்.

பெரும்பாலான தவறுகள் நிகழும் இடம் லைசேட் தயாரிப்புதான். செல் உடைந்தவுடன் பாஸ்பேட்டை நீக்கும் பாஸ்பட்டேஸ் நொதிகள் கட்டவிழ்கின்றன. அவற்றைத் தடுக்கும் சோடியம் ஃபுளோரைடும் பீட்டா-கிளிசரோபாஸ்பேட்டும் இல்லையென்றால் 4ஈ-பிபி1 தன் பாஸ்பேட்டை இழந்து, குழாய்க்குள்ளேயே 4ஈயைக் கைப்பற்றும். மருந்து கொடுக்காத செல்லும் மருந்து கொடுத்ததுபோலத் தெரியும். டிரிப்சின் போட்டுச் செல்களை எடுப்பதும், அறுவடைக்குச் சற்று முன் ஊடகம் மாற்றுவதும் எம்டார் நிலையைக் கலைத்துவிடும். தட்டைப் பனிக்கட்டிமேல் வைத்துச் சுரண்டி எடுப்பதே நல்லது.

ஜெல்லிலும் ஒரு சிக்கல் உண்டு. 4ஜி ஏறக்குறைய 220 கிலோடால்டனில் ஓடும். 4ஈ-பிபி1 15 முதல் 20க்குள் மூன்று பட்டைகளாக நிற்கும். இரண்டையும் ஒரே சீரான ஜெல்லில் பார்க்க ஆசைப்பட்டால் ஒன்று போகும். 4-20 சதவீத ஜெல், 0.2 மைக்ரான் மெம்பிரேன், மெதுவான வெட் டிரான்ஸ்ஃபர் ஆகியவை வேண்டும். பீட்டில் வரவேண்டியது பெரும்பாலும் பாஸ்பேட் குறைந்த கீழ்ப்பட்டைகளே; பாஸ்பேட் நிறைந்த மேல்பட்டையும் வந்தால் கழுவல் போதவில்லை என்று பொருள்.

கட்டுப்பாடு இரண்டு: எம்7ஜிடிபி இல்லாத வெறும் பீட் ஒன்று, லைசேட்டில் முன்கூட்டியே தனி எம்7ஜிடிபி கலந்தது ஒன்று. இரண்டிலும் 4ஈ மறையவேண்டும்.

இம்முறையின் குறையைப் பலர் சொல்லாமல் விடுகிறார்கள். பீட்டில் கேப் அளவுக்கு மீறி இருக்கிறது. செல்லில் எந்த எம்ஆர்என்ஏவையும் தொடாமல் சும்மா இருந்த 4ஈயும் வந்து ஒட்டும். ஆகவே 4ஈக்கு யார் துணை என்றுதான் தெரியும். அந்த 4ஈ வேலையில் இருந்ததா என்று தெரியாது.

கோ-ஐபி

கோ-ஐபி என்பது ஒரு புரதத்தை ஆன்டிபாடியால் இழுத்து, கூட வருபவற்றைப் பார்ப்பது. 4ஈ ஆன்டிபாடியால் இழுப்பதில் ஒரு வேடிக்கை: ஆன்டிபாடியின் இலகு சங்கிலியும் 25 கிலோடால்டன், 4ஈயும் 25. கன சங்கிலி 50ல் வந்து 46 கிலோடால்டன் 4ஏவை மறைக்கும். இழுக்க முயல் ஆன்டிபாடி, பார்க்க எலி ஆன்டிபாடி என்று இனம் மாற்றலாம். அல்லது ஆன்டிபாடியை டிஎம்பி என்ற பிணைப்பு வேதிப்பொருளால் பீட்டோடு பிணைக்கலாம். அதைவிட மோசம், 4ஈயின் முதுகையே குறிவைக்கும் ஆன்டிபாடி 4ஜி வந்து அமரும் இடத்தை அடைத்துவிடும். அப்போது ஒன்றுமே கூட்டமைப்பில் இல்லை என்ற பொய் கிடைக்கும்.

திருப்பி 4ஜியை இழுத்தால் மதிப்பு கூடும். 4ஏ, ஈஐஎஃப்3, எம்ஆர்என்ஏவின் வாலைப் பிடிக்கும் பிஏபிபி, 4ஈயின் செரின்-209க்கு பாஸ்பேட் ஏற்றும் எம்என்கே கைனேஸ் எல்லாம் கூடவே வரும். உடன் வந்தது புரதம் வழியா, ஆர்என்ஏ வழியா என்பதைப் பிரிக்க, ஆர்என்ஏவைச் சிதைக்கும் ஆர்என்ஏஸ் போட்ட இணை மாதிரி ஒன்று கட்டாயம்.

பிஎல்ஏ

பிஎல்ஏ, இரண்டு புரதங்களின் அண்மையை ஒளிப்புள்ளியாகக் காட்டும் சோதனை. செல்லை உடைக்காமல் பார்க்கும் ஒரே வழி இந்த மூன்றில் இதுதான். 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடில் நிலைநிறுத்தி, வெவ்வேறு இனத்து இரண்டு ஆன்டிபாடிகளைப் போட்டால், இரண்டும் ஏறக்குறைய 40 நானோமீட்டருக்குள் இருந்தால் மட்டும் புள்ளி ஒளிரும். 4ஈ-4ஜி ஜோடிக்கு ஒரு கண்ணாடித் தகடு, 4ஈ-4ஈ-பிபி1 ஜோடிக்கு இன்னொன்று. செல்லுக்குச் செல் விகிதம் எடுக்கலாம். ஆனால் 40 நானோமீட்டர் தொடுதல் அல்ல, வெறும் அண்மை. ரைபோசோமே அதைவிடச் சிறியது. ஒரே 40எஸ்மேல் தள்ளி அமர்ந்த இருவரும் புள்ளி தரலாம். ஆன்டிபாடி செறிவு அதிகமானால் புள்ளிகள் ஒன்றோடொன்று கூடி எண்ண முடியாத பூச்சாகும். 37 டிகிரி அடைகாப்பில் கண்ணாடி ஒருமுறை உலர்ந்தாலே பின்னணி எகிறும்.

மூன்று முறைகளுக்கும் பொதுவான நேர்மறைக் கட்டுப்பாடு எம்டார் தடுப்பானான டோரின்-1: 250 நானோமோலார், 1 மணி நேரம். இன்னொரு எம்டார் தடுப்பானான ராபமைசினை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அது எம்டாரின் மற்றொரு இலக்கான எஸ்6 கைனேஸை நன்றாக அடக்கினாலும் 4ஈ-பிபி1ஐ அரைகுறையாகத்தான் தொடும். முறை தோற்றதா, மருந்து தோற்றதா என்று பிரித்தறிய முடியாமல் போகும்.

தெரிவு என்று கேட்டால், கேப் பீட்டில் தொடங்கி, அங்கே தெரிந்த மாற்றத்தை பிஎல்ஏவில் சரிபார்ப்பதே மேல். கோ-ஐபி, 4ஜியின் மற்ற கூட்டாளிகளைத் தேடும்போது மட்டும். எம்ஆர்என்ஏ உண்மையிலேயே ரைபோசோமில் ஏறியதா என்பதற்கு மூன்றாலும் பதிலில்லை. அதற்கு 10-50 சதவீத சுக்ரோஸ் செறிவுச் சரிவில் பாலிசோம், அதாவது ஒரே எம்ஆர்என்ஏமேல் பல ரைபோசோம்கள் ஏறிய தொகுதி, பார்க்கவேண்டும்.

பாலிசோம் சரிந்திருந்து, கேப் பீட்டில் 4ஜி அப்படியே இருந்தால் 4ஈயை விட்டுவிட்டு, புரத உருவாக்கத்தைத் தொடங்கும் இன்னொரு காரணியான ஈஐஎஃப்2 பக்கம் போங்கள். அதன் ஆல்ஃபா துணையலகின் செரின்-51 பாஸ்பேட்டுக்கு ஒரு வெஸ்டர்ன் பிளாட், கூடவே, ஈஐஎஃப்2ஐ மீண்டும் இயங்கவைக்கும் ஈஐஎஃப்2பியைத் தூண்டும் ஐஎஸ்ஆர்ஐபி 200 நானோமோலார் போட்ட ஒரு மாதிரி. அந்த மாதிரியில் பாலிசோம் மீண்டால், தடை இருந்தது ஈஐஎஃப்2பியிடம்.