வீட்டுப் பட்டறைக்கு ஏற்ற சிறு லேத்: சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு மதிப்பீடு

மலேசியாவில், செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த எங்கள் சுங்கை சிப்புட்டில், தமக்கு வேண்டிய கருவிகளை வீட்டிலேயே செய்துகொள்ள விரும்புவோர், இணையக் கடைகளில் பல பெயர்களில் விற்கப்படும் 7 அங்குலச் சிறு லேத்தை (உலோகத்தைச் சுழற்றிக் கடையும் இயந்திரம்; 7 அங்குலம் என்பது அதில் சுழலக்கூடிய பொருளின் உச்ச விட்டம்) வாங்கலாம். ஆனால் பெட்டியைத் திறந்ததுமே துல்லியமாகக் கடையும் என்று எதிர்பார்க்கக் கூடாது. துருத் தடுப்புப் பசையை மண்ணெண்ணெயால் கழுவி, சறுக்குத் தளங்களின் இடைவெளியைச் சரிசெய்யும் ஜிப் பட்டைகளை இறுக்கி, அத்தளங்களின் ஆட்டத்தைப் போக்கிய பின்னரே அது வேலைக்கு ஆகும்.

பிளாஸ்டிக் பற்சக்கரங்களைப் பலர் குறை சொல்கிறார்கள். வெட்டுளி திடீரெனச் சிக்கும்போது மலிவான சக்கரம் முதலில் உடைந்து மற்ற பாகங்களைக் காப்பதால், எனக்கு அது குறையாகப் படவில்லை. உண்மையான குறை விறைப்பின்மைதான்: கம்பியைத் துண்டிக்கும் வெட்டில் இயந்திரம் அதிர்கிறது.

சிறு கருவிகளுக்கு இது தாராளமாகப் போதும். சில்வர் ஸ்டீல் (பெயரில் மட்டுமே வெள்ளி; இது கரிமம் மிகுந்த கருவி எஃகு) கம்பியைக் கடைந்து, துளையிடும் இடத்தைக் குறிக்கும் கூர்முனைக் கருவியான சென்டர் பஞ்ச் செய்தேன். காந்தம் ஒட்டாத நிலையைச் சற்றே கடந்து, ஏறத்தாழ 780 டிகிரி செல்சியசுக்குச் சூடேற்றித் தண்ணீரில் அமிழ்த்தினால் எஃகு கடினமாகும். அப்படியே விட்டால் முனை நொறுங்கிவிடும் என்பதால், மேற்பரப்பைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, வைக்கோல் நிறம் படரும்வரை, சுமார் 230 டிகிரிக்கு, மீண்டும் சூடாக்கிப் பதப்படுத்த வேண்டும்.

உடன் வரும் வெட்டுளிகள் (இலவசம் என்பதே அவற்றின் ஒரே தகுதி) பயன்படா. வெட்டும்போது சூடேறினாலும் கடினம் குறையாத ஹைஸ்பீடு ஸ்டீல் துண்டுகளை வாங்கி நாமே சாணை பிடிப்பது மேல். நம் ஊர் ஈரப்பதத்தில் வேலை முடிந்தவுடன் எண்ணெய் தடவுவதும் கட்டாயம்.