பானையைச் சுண்டுவதா, அலையை ஓடவிடுவதா: கார்பன் ஃபைபரின் உள்காயம் தேடும் வழிகள்

சந்தையில் மண்பானையைச் சுண்டிப் பார்த்து வாங்குவோமே, விமானப் பராமரிப்பில் இன்றைக்கும் அது நடக்கிறது. விரலுக்குப் பதில் நாணயம் அல்லது சின்னச் சுத்தியல். 'டங்' என்றால் சரி. 'தொப்' என்றால் உள்ளே அடுக்கு விட்டிருக்கிறது.

போயிங் 787-இன் எடையில் ஏறக்குறைய பாதி கலவைப் பொருள்தான், பெரும்பாலும் கார்பன் ஃபைபர்: கார்பன் இழைகளைப் பிசினில் தோய்த்து அடுக்கடுக்காக ஒட்டியது. அலுமினியம் அடிபட்டால் நசுங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். கார்பன் ஃபைபர் அழுத்தமான ஆள். சாமான் வண்டி இடித்த இடத்தில் மேலே லேசான குழி மட்டும் இருக்கலாம். உள்ளே அடுக்குகள் கூம்பு போல, ஆழம் போகப்போக அகலமாகப் பிரிந்திருக்கும்.

தட்டிப் பார்ப்பதற்குச் செலவே இல்லை. ஆனால் மேலடுக்குகளைத் தாண்டிக் காது கேட்காது. 2005 மார்ச் 6 அன்று கியூபாவின் வரதேரோவிலிருந்து கிளம்பிய ஏர் டிரான்ஸாட் நிறுவனத்தின் ஏர்பஸ் ஏ310 விமானத்தில், வாலில் இருந்து திசை திருப்பும் கலவைப்பொருள் சுக்கான் நடுவானில் பெரும்பகுதி பிய்ந்துபோனது. நல்லவேளை, பத்திரமாகத் திரும்பி இறங்கினார்கள். அந்த வகைச் சுக்கான்களுக்கு அப்போதிருந்த சோதனை ஏற்பாடு பழுதை உரிய நேரத்தில் கண்டுபிடிக்கப் போதாமல் இருக்கலாம் என்று கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் சொன்னது.

அடுத்தது சி-ஸ்கேன். தண்ணீரோ ஜெல்லோ வைத்து, கோலப்புள்ளி போல இடம் இடமாக அல்ட்ராசவுண்ட் அனுப்பிப் படம் எடுப்பது. 5 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 0.6 மில்லிமீட்டர். அதனால் பழுதின் விளிம்பு, ஆழம் எல்லாம் துல்லியமாக வரும். நேரம்தான் தின்னும், ஒலி அனுப்பும் கருவிமுனை (ப்ரோப்) எட்டாத இடத்தில் வேலையும் செய்யாது. ஃபிளாஷ் விளக்கால் சூடேற்றி அகச்சிவப்புக் கேமராவில் பார்க்கும் தெர்மோகிராஃபி வேகமானது, தொடவே வேண்டாம். ஆழமான பழுது மட்டும் மங்கிவிடும்.

இப்போது கைடட் வேவ், அதாவது தகட்டுக்குள்ளேயே நெடுந்தூரம் ஓடும் அதிர்வலை. தகட்டின் இரண்டு முகங்களும் கரை கட்டியது போல அலையை உள்ளேயே ஓடவைக்கும். இதன் கணக்கை ஹோரஸ் லாம்ப் 1917-இலேயே போட்டுவிட்டார். மின்சாரத்தை அதிர்வாகவும் அதிர்வை மின்சாரமாகவும் மாற்றும் பொத்தான் அளவு பீசோ வில்லைகள் சிலவற்றை ஒட்டிவிட்டால் ஒன்று அனுப்பும், மற்றவை கேட்கும். நடுவில் இருக்கிற மொத்தப் பரப்பும் சோதனைக்குள் வந்துவிடும். இந்த அலையில் முக்கியமாக இரண்டு வகை. தகட்டை நீட்டிச் சுருக்கி ஓடும் எஸ்-ஸீரோ அலை வேகமானது, ஆனால் சில அடுக்கு இடைவெளிகளில் பிரிவு இருந்தாலும் கண்டுகொள்ளாமல் போய்விடும். தகட்டை மேலும் கீழும் வளைத்து ஓடும் ஏ-ஸீரோ மெதுவானது, சீக்கிரம் தேயும். அடுக்குப் பிரிவைப் பிடிப்பதில் கெட்டி. நான் ஏ-ஸீரோ கட்சி.

சரி, பிறகு ஏன் எல்லா விமானத்திலும் ஒட்டவில்லை? முதல் தலைவலி, திசை. ஒரே திசையில் இழை அடுக்கிய தகட்டில் இழையோடு போகும் எஸ்-ஸீரோ, குறுக்கே போவதைவிட மூன்று மடங்குக்கும் மேல் வேகம். வந்து சேர்ந்த நேரத்தை வைத்து இடத்தைக் கணிக்க, எந்த அடுக்கில் இழை எந்தத் திசையில் என்ற வரிசை கையில் இருக்க வேண்டும்.

பெரிய வில்லன் வெயில். பழுதில்லாத நாளில் எடுத்த சிக்னலை இன்றைய சிக்னலிலிருந்து கழித்து, மிச்சம் இருந்தால் பழுது என்பதுதான் வழக்கமான முறை. நல்ல தகட்டிலேயே காலையில் எடுத்ததை மதியச் சிக்னலிலிருந்து கழித்துப் பாருங்கள். சூட்டில் அலை கொஞ்சம் தாமதித்திருக்கும். நேர்கோடாக இருக்க வேண்டிய திரையில் பெரிய பெரிய முகடுகள் நிற்கும். வெப்பநிலைத் திருத்தம் செய்யலாம். அதற்குப் பல வெப்பநிலைகளில் அடிப்படைச் சிக்னல் சேமித்திருக்க வேண்டும். வில்லையே பசை விட்டுப்போனாலும் அது பழுது மாதிரிதான் தெரியும்.

அப்புறம் அளவு. 100 கிலோஹெர்ட்ஸில் ஏ-ஸீரோவின் அலைநீளம் சென்டிமீட்டர் கணக்கில் இருக்கும். 'இந்தப் பக்கம் ஏதோ இருக்கிறது' என்று சொல்லும். 'இவ்வளவு பெரிது' என்பதற்கு சி-ஸ்கேனிடம்தான் போக வேண்டும். கைடட் வேவ் காவல்காரன், டாக்டர் இல்லை. இரண்டையும் போட்டியாக நிறுத்துவதே எனக்குக் கொஞ்சம் விசித்திரமாகப் படும்.

வில்லை ஒட்டாத விமானத்தை இன்று வண்டி இடித்தால் கைடட் வேவால் பெரிய பிரயோஜனமில்லை, ஒப்பிடப் பழைய சிக்னலே இருக்காது. நாணயத்தில் தொடங்கி, சந்தேகமான இடத்தில் ஜெல் தடவி ப்ரோப் வைக்க வேண்டியதுதான். வில்லை ஒட்டக் காசு இருக்கிறதென்றால், மூடியைக் கழற்றி உள்ளே நுழைந்தால்தான் எட்டுகிற ஸ்ட்ரிங்கர் (தோல் தகட்டுக்கு உள்பக்கம் முட்டுக்கொடுக்கும் நீளச் சட்டம்) ஒட்டுகளில் முதலில் ஒட்டச் சொல்வேன். அங்கே நாணயம் பிடிக்கவும் இடமிருக்காது.