ஆப்-ஆம்ப் பிக் மஃப்: தொண்ணூறுகளின் கிட்டார் சுவர் இதற்குள் இருக்கிறதா?

ஸ்மாஷிங் பம்ப்கின்ஸின் ‘சயமீஸ் ட்ரீம்’ (1993) கேட்டுவிட்டு அந்தக் கிட்டார் ஒலியைத் தேடிக் கிளம்புகிறவர்கள் கடைசியில் வந்து நிற்பது, காலால் மிதித்துக் கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் இந்தப் பெடலின் முன்னால்தான். அந்தக் குழுவின் பாடகரும் கிட்டார் கலைஞருமான பில்லி கார்கன் பயன்படுத்தியது 1970களின் பிற்பகுதியில் வந்த ஆப்-ஆம்ப் பிக் மஃப். எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் அதையே 2017இல் சிறிய பெட்டியில் மறுபடி கொண்டுவந்தது. தாராளமாக வாங்கலாம். ஆனால் செருகியதுமே ஆல்பத்தின் ஒலி வந்துவிடாது.

பிக் மஃப் பிறந்தது 1969 வாக்கில், நியூயார்க்கில். 1980களில் டிஜிட்டல் ஒலிக்கருவிகளும் பளபளப்பான கோரஸ் ஒலியும் கோலோச்சின; மைக் மேத்யூஸ் தொடங்கிய எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸும் நொடித்துப்போனது. பழைய மஃப்களைச் சீந்துவாரில்லை, சல்லிசாகக் கிடைத்தன. வானொலி கண்டுகொள்ளாத, கையில் காசில்லாத குழுக்கள் அவற்றை எடுத்துக்கொண்டன. ஆல்டர்நேட்டிவ் ராக்கின் ஒலி பாதி இப்படி மற்றவர்கள் ஒதுக்கிய கருவிகளிலிருந்து வந்ததுதான். டைனோசர் ஜூனியர் குழுவின் ஜே மாஸ்கிஸ் அதில் மெல்லிசையை அழவைத்தார். சியாட்டிலின் மட்ஹனி குழு 1988இல் தன் முதல் இ.பி.க்கு (சில பாடல்களே கொண்ட குறு ஆல்பம்) ‘சூப்பர்ஃபஸ் பிக்மஃப்’ என்று இரண்டு பெடல்களின் பெயரையே வைத்தது. அதே ஆண்டு அமெரிக்க இசை இதழான பில்போர்டு ‘மாடர்ன் ராக்’ பட்டியலைத் தொடங்கியது. 1992 ஜனவரியில் நிர்வாணாவின் ‘நெவர்மைண்ட்’ ஆல்பம் பட்டியலின் உச்சிக்குப் போனது. அதற்குள் மேத்யூஸ் ரஷ்யாவில் சாவ்டெக் பெயரில் மஃப் செய்யத் தொடங்கியிருந்தார். பிறகு இந்த இசை பட்டியல்களின் நடுவிலிருந்து விலகியது, பெடல் விலகவில்லை. ஒயிட் ஸ்ட்ரைப்ஸும் பிளாக் கீஸும் அதையே மிதித்தார்கள்.

இனி பெடலுக்கு வருவோம். வால்யூம், டோன், சஸ்டெய்ன் (கரகரப்பின் அளவு) என்று மூன்று திருகுகள், டோன் சுற்றைத் தவிர்க்கும் ஒரு சுவிட்ச். மற்ற மஃப்களில் ட்ரான்சிஸ்டர்கள் செய்கிற வேலையை இதில் ஆப்-ஆம்ப் என்ற, சிக்னலைப் பெருக்கும் சிப் செய்கிறது. அதனால் ஒலி வெண்ணெய் போல வழுக்காது. கொஞ்சம் சொரசொரப்பு, கொஞ்சம் கடி. ரிதமுக்கு இது மிகப் பொருத்தம். நீண்டு பாடும் லீட் வேண்டுமென்றால் மஃப்பின் ராம்ஸ் ஹெட் வகையும், பேஸ் கிட்டாருக்கு கிரீன் ரஷ்யன் வகையும் மேல்.

திருகைக் கடிகார முகமாக நினைத்துக்கொண்டு, முதலில் சஸ்டெய்னை 1 மணி நிலையிலும் டோனை 11 மணியிலும் வைத்து, பெடல் அணைந்திருக்கும்போது வரும் ஒலியைவிடச் சற்றே ஓங்கும்வரை வால்யூமை ஏற்றுங்கள். ஆம்ப் சுத்தமான சேனலில் இருக்கட்டும். ஏற்கெனவே உறுமிக்கொண்டிருக்கும் ஆம்ப்பில் மஃப்பை விட்டால் சேறுதான் மிஞ்சும்.

பலரும் சறுக்குவது மிட், அதாவது நடு அலைவரிசை விஷயத்தில். மஃப்பின் டோன் சுற்று 1 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியைக் குடைந்துவிடும். அறையில் தனியாக வாசிக்கும்போது அது பிரம்மாண்டமாகக் கேட்கும். டிரம்ஸும் பேஸும் சேர்ந்ததும் கிட்டார் காணாமல் போகும், ஏனென்றால் கீழே பேஸும் மேலே சிம்பல்களும் இடத்தைப் பிடித்துக்கொள்ள, கிட்டாருக்கு உரிய நடுப்பகுதி காலியாகக் கிடக்கிறது. வால்யூமை ஏற்றுவது இதற்கு மருந்தல்ல. ஆம்ப்பில் மிட்டை 2 மணிக்கு மேல் கொண்டுபோங்கள், அல்லது மஃப்புக்குப் பின்னால் மிட் தூக்கும் ஓவர்டிரைவ் பெடல் ஒன்றைக் குறைந்த கெயினில் (சிக்னலைப் பெருக்கும் அளவு) வையுங்கள். இந்தப் பெடலில் இன்னும் எளிய வழி உண்டு: டோன் பைபாஸ் சுவிட்ச். தட்டினால் அந்தக் குழி நிரம்பிவிடும், ஒலியும் ஓங்கும். மேடைக்கு அதுவே என் தேர்வு. தட்டும் முன் வால்யூமைக் கொஞ்சம் இறக்கிவிடுங்கள்.

‘சயமீஸ் ட்ரீம்’ ஆல்பத்தின் அந்தச் சுவர் ஒரே பெடலால் எழுந்ததல்ல. ‘நெவர்மைண்ட்’ தயாரித்த புட்ச் விக்தான் இதையும் தயாரித்தார். ஒன்றின்மேல் ஒன்றாகப் பல கிட்டார் பதிவுகளை அடுக்கினார்கள். வீட்டில் முயல்பவர்கள் ஒரே ரிஃப்பை (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு) குறைந்தது நான்கு முறை தனித்தனியாக வாசித்து, இரண்டிரண்டாக இடம் வலம் பிரியுங்கள். நகலெடுத்து ஒட்டினால் அகலம் வராது. வாசிப்புக்கு வாசிப்பு இருக்கும் நுண்ணிய வேறுபாடுதான் அகலத்தைத் தருகிறது. ஒவ்வொரு அடுக்கிலும் சஸ்டெய்னை வழக்கத்தைவிடக் குறையுங்கள், இல்லையென்றால் நான்கும் குழம்பிப் போகும்.

குறைகளும் உண்டு. சஸ்டெய்ன் 3 மணியைத் தாண்டினால் வாசிக்காத நேரத்திலும் இரையும். செவன்த், நைன்த் கார்டுகள் கரைந்துபோகும். ரூட் (கார்டின் அடிச்சுரம்), ஐந்தாம் சுரம், ஆக்டேவ் மட்டும் பிடித்தால் தெளிவு. கிட்டாரின் வால்யூமைக் குறைத்து ஒலியைச் சுத்தமாக்கலாம் என்று எதிர்பார்க்க வேண்டாம், இவ்வளவு கெயினில் அது நடக்காது. மெல்லிய பகுதி வரும்போது பெடலை அணைப்பதே வழி. நடுமுனை நெகட்டிவ் 9 வோல்ட் அடாப்டர் போதும். டிஜிட்டல் பெடல்களோடு ஒரே வயரில் மின்சாரம் பகிர்ந்தால் கீச்சொலி நுழையும், தனி அவுட்லெட் கொடுங்கள். பேட்டரியில் ஓட்டுபவர்கள் வாசித்து முடித்ததும் இன்புட் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். செருகியிருக்கும் வரை, பெடல் அணைந்திருந்தாலும் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும்.